சோறு துன்னாத வாட்ச்மேன்

காலி மனைக்குக் காவல் இருப்பது, யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை.

கரிக்கலாம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், நெல் விளைந்த இடத்தில் கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். நான் பகல் வாட்ச்மேன். ஒரு தகரக் கொட்டகை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கேட். மதில் இல்லாத இடத்துக்குக் கேட் எதற்கு என்று கேட்காதீர்கள். நானும் கேட்டதில்லை.

மனைவி போய் ஐந்து வருடம். மகன் ஓசூரில். என்னோடு இருப்பது சர்க்கரை மட்டும்தான். வலது கண், வாலிபத்தில் கரும்பு வெட்டும்போது சோகை இலை குத்திப் போனது. இந்த வருடம் இடது கண்ணில் புரை என்றார்கள். சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன், மூன்று மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். கண் தெரியாத வாட்ச்மேனை யார் வைத்துக்கொள்வார்கள்? மகன் வீட்டு ஹாலில் டி.வி. சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அதனால் சோற்றை விட்டேன். சர்க்கரைக்காரர்களே, உங்களுக்குத் தெரியும். சொல்ல ஒரு வரி. செய்ய மூன்று மாதம்.

ஒரு கைப்பிடி

டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதிவிட்டு, என்ன சாப்பிடுவது என்று கேட்டுக்கொள்ள பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண், அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். பாதாம், பன்னீர், காலிபிளவர், ஆலிவ் எண்ணெய். இதையெல்லாம் வாங்க நான் காவல் காக்கிற மனையில் ஒன்றை விற்க வேண்டும் என்றேன். சிரிக்கவில்லை. தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் எழுதினாள். முட்டை, முருங்கைக்கீரை, கவளை மீன், மோர், மல்லாட்டை.

மல்லாட்டை என்று எழுதியதும் நம்ம பக்கத்துப் பெண் என்று தெரிந்துபோயிற்று. மற்ற ஊரில் வேர்க்கடலை என்பார்கள். எவ்வளவு தின்னலாம் என்று கேட்டேன். கரும்பு வெட்டிய என் கையை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஒரு கைப்பிடி. உங்க கைப்பிடி இல்ல தாத்தா, என் கைப்பிடி.”

உடைசல்

நல்ல முட்டை நமக்குக் கட்டாது. தவளக்குப்பம் ஜங்ஷனில் ஒரு மொத்தக் கடை. வண்டியில் வரும்போது விரிசல் விட்ட முட்டையைத் தனியாக எடுத்து வைத்துப் பாதி விலைக்குத் தருவான். தினம் சாயந்திரம் வீட்டுக்குத் திரும்பும்போது தூக்குச்சட்டியைக் கொண்டுபோய் ஆறு வாங்குவேன். அன்றே நன்றாக வேக வைத்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் நாற்றம்.

வதக்க ஒரு கரண்டி எண்ணெய், இரண்டு வெங்காயம், வாசலில் நிற்கிற முருங்கையில் ஒரு கொத்து. நின்றபடியே தின்றுவிடுவேன். இலை போட்டு உட்காருவதெல்லாம் சோற்றுக்குச் செய்கிற மரியாதை. முட்டைக்கு எதற்கு?

இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரன், வூட்ல எத்தினி பேரு என்று விசாரித்தான். நான் ஒருத்தன் என்றேன். சட்டியை எட்டிப் பார்த்தான்.

“ஒருத்தருக்கா இம்மாம்? ஒரு நா கோழியே வந்து கணக்கு கேக்கப்போவுது பாரு.”

இல்லை என்றது

இருபத்தோராம் மனையில் மட்டும் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே சித்தாள் வேலைக்கு வந்தவள் அஞ்சலை. தண்ணீர் பிடிக்க என் கொட்டகைக்கு வருவாள். வந்ததும் கேட்டாள்: சோறு துன்னியா மாமா?

நம்ம பக்கத்தில் இது கேள்வியே இல்லை. கும்பிடு மாதிரி. “ஆச்சு” என்று சொல்லிவிட வேண்டும், தின்றாலும் தின்னாவிட்டாலும். நான் சோற்றை விட்டு நாலாவது நாள். எரிச்சலில் இருந்தேன். உள்ளதைச் சொன்னேன்: இல்ல. மறுநாளும் கேட்டாள். மறுநாளும் இல்ல. மூன்றாம் நாள் கேட்டு, நான் இல்ல என்றதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

சர்க்கரை என்று சொல்லியிருக்கலாம். சர்க்கரை என்றால் பேச்சு கண் வரைக்கும் போகும். கண் விஷயம், எனக்குச் சம்பளம் தருகிற மனை புரோக்கர் காதுக்குப் போனால் இந்த நாற்காலி போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். மேஸ்திரியிடம் அவள் சொன்னது காற்றில் எனக்குக் கேட்டது.

“மூணு நாளா சோறு இல்லியாம். புள்ளய பெத்து இன்னா பிரயோஜனம்.”

வசதியான ஏரியா

அன்றிலிருந்து மத்தியானம் அஞ்சலை கையில் ஒரு டப்பா வரும். சோறு, மேலே கருவாட்டுக் குழம்பு. மூடியைத் திறந்தால் வயிறு எழுந்து நிற்கும். வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். வீராப்பு பேசாத என்று திட்டுவாள். தினம் ஒரு ஆள் நமக்காக நடந்து வருகிறது என்பதும் ஒன்று. அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவள் போனதும் கருவாட்டை மட்டும் பொறுக்கித் தின்பேன். சோறு, கொட்டகைக்குப் பின்னால் படுத்திருக்கும் செவலை நாய்க்கு. ஒரு மாதத்தில் நாய் கொழுத்து, நடக்க அலுத்துக்கொண்டது. மனை பார்க்க டவுனிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. குடியிருக்க ஏற்ற இடமா, அக்கம்பக்கம் எப்படி என்று அந்தம்மா துருவினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“நாயப் பாத்தாலே தெரியலியா? நல்லா வசதியான ஏரியா.”

செங்கல் பேசியது

புரைக் கண்ணுக்கு எல்லாமே புகைதான். ஒருநாள் சோற்றைக் கொட்டப் போகும்போது பக்கத்தில் ஏதோ சிவப்பாக நின்றது. செங்கல் அடுக்கு என்று நினைத்தேன். கருவாட்டை வழித்துத் தின்றுவிட்டு, டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். செங்கல் நகர்ந்தது. அஞ்சலை, சிவப்புச் சேலையில்.

சண்டை போடவில்லை. டப்பாவை மட்டும் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“எம் புள்ளைங்களுக்கு வெச்சதுல எடுத்தாந்தேன் மாமா.”

பதினொரு நாள்

அதற்குப் பிறகு தண்ணீருக்கு வேறு ஆள் வந்தது. பதினொரு நாள், சோறு துன்னியா என்று என்னை யாரும் கேட்கவில்லை. எட்டாம் நாள் கடையில் ஒரு எலுமிச்சை சாதப் பொட்டலம் வாங்கிவந்து பிரித்தேன். யாருக்காகக் கண்ணைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு யோசனை. ஆனாலும் வாயில் வைக்காமல் நாய்க்கே வைத்தேன். முருங்கைக்கீரையை மென்றேன். வைக்கோல் மாதிரி இருந்தது.

பன்னிரண்டாம் நாள் நானே இருபத்தோராம் மனைக்கு நடந்தேன். மணல் சலித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நீட்டிப் பேச வராது. சர்க்கரை, சோறு ஆகாது, இருக்கிற ஒரு கண்ணும் போகப் பார்க்குது, புரோக்கருக்குத் தெரியக்கூடாது என்றேன். சல்லடையை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

“இத மொதல்லியே சொல்லியிருந்தா வாயி வெந்துடுமா?”

கூட யாரு?

மூன்று மாதம் முடிந்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இறங்கியிருந்தது. தாளின் பின்பக்கம் எழுதிய பெண், என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். கூட யார் வருவாங்க என்று கேட்டார்கள். ஆள் இல்லாமல் செய்யமாட்டார்களாம். மகனுக்கு போன் போட்டேன். லீவு இல்லை, அடுத்த மாதம் தள்ளிப்போட முடியுமா என்றான். வைத்துவிட்டேன்.

அஞ்சலையிடம் கேட்கவில்லை. எந்த நாள் என்று மட்டும் சொன்னேன். அன்று காலை பஸ் ஸ்டாப்பில், அதே சிவப்புச் சேலையில் நின்றிருந்தாள். கூலி போய்விடுமே என்றேன். போனா போவுது என்று எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறினாள்.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டதும் முழு இருட்டு. ஒரு கண்காரனுக்கு அடுத்த கண் கிடையாது. மத்தியானம் யாரோ தட்டு கொண்டுவந்து வைத்தார்கள். பொன்னி அரிசி வாசனை. என் கை அதுவாகவே போயிற்று. சர்க்கரைக்காரருக்கு யார் இவ்வளவு சோறு போடச் சொன்னது என்று அஞ்சலை சத்தம் போடுவது கேட்டது. தட்டு போய்விட்டது. அவளும் போய்விட்டாள் என்றே நினைத்தேன். பிறகு டப்பா மூடி திறக்கிற சத்தம், காதுக்குப் பக்கத்தில் குரல்.

“மாமா, முட்ட துன்னியா?”

ஆச்சு என்றேன், ஒன்றும் தின்னாமலே.

“பொய்யி. வாயத் தொற.”

இப்போது கண் பளிச்சென்று தெரிகிறது, இருபத்தோராம் மனையில் வீடு முடிந்து சித்தாள்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், மத்தியானமானால் என் முகத்தைப் பார்ப்பது அந்த நாய் ஒன்றுதான், அதுவும் சோறில்லாமல் இளைத்து என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது.