ரிமோட்டின் மேல் உட்கார்ந்தவள்

எங்கள் வீட்டு ரிமோட் அந்த வருடம் முழுவதும் லேசான சூட்டோடுதான் என் கைக்கு வரும். காரணம், என் நாத்தனார் அதன் மேல் உட்கார்ந்திருப்பாள். திருமழிசை தொழிற்பேட்டையில் வேலை முடித்து, பஸ்ஸில் நசுங்கி, அயனம்பாக்கம் வந்து சேர்ந்ததும் முகம் கழுவுவாள், டீ போடுவாள், என் மகனை இழுத்து அணைத்துக்கொண்டு பாயில் அமர்வாள். ரிமோட் தொடைக்கு அடியில் போய்விடும். நாத்தனாரோடு ஒரே வீட்டில் இருப்பது பற்றி ஊரே எனக்குப் புத்தி சொல்லியிருந்தது. ரிமோட்டுக்காகச் சண்டை வரும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

என் கணவர் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது மகனுக்கு நான்கு வயது. முழித்திருந்தால் அழுவான் என்று எல்லோருமாகப் பேசி, அவன் தூங்கும் நேரம் பார்த்து அவரை அனுப்பிவைத்தோம். நம் வீடுகளில் வழக்கம்தானே. காலையில் எழுந்தவன் கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினான், அழவில்லை. ஆனால் அதன் பிறகு அப்பா வீடியோ காலில் வந்தாலே சமையலறைக்கு ஓடி, சிலிண்டருக்குப் பின்னால் நின்றுகொள்வான். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே அவர் போனை வைப்பார். ஒரு நாள், "என்னிய மறந்துட்டான் போல" என்றார். அவன் வாடக்கூடாது என்று, டிவியில் எது அழுதாலும் சேனலை மாற்றினேன். ஒன்றையொன்று அடித்து விரட்டும் பொம்மைப் படங்களைத்தான் நான் போட்டுவிடுவேன். அவற்றைப் பார்த்தாவது சிரித்தான்.

நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு பொம்மைத் தொடரையும் போனில் தானே முதலில் பார்த்துவிடுவாள். "இவ்ளோ அடி வாங்குது, வலிக்கவே இல்ல அண்ணி. இது வேணாம்" என்று ஒதுக்குவாள். அழும் குட்டியை அதட்டி வாயடைக்கும் தொடரும் தள்ளுபடி. அது ஏன் அழுகிறது என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும், கதை அவசரப்படாமல் நகரவேண்டும். மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பார்க்கிறாயே என்று கிண்டல் செய்வேன். "மாப்ளைய கூட இவ்ளோ பாக்க மாட்டேன்" என்பாள்.

அப்படி அவள் தேர்ந்தெடுத்த ஒன்றில் ஒரு நாள் நரிக்குட்டியின் அப்பா படகேறிப் போனார். குட்டி கரையில் நின்று அழுதது. நான் ரிமோட்டுக்குப் பாய்ந்தேன். அவள் அசையவில்லை. "இரு அண்ணி, முடியட்டும்." முடிந்ததும் அவனிடம் சாதாரணமாகக் கேட்டாள், "குட்டிக்கு இன்னாடா ஆச்சு?"

"அப்பா மேல கோவம்." கொஞ்ச நேரம் பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எனக்குந்தான். சொல்லாமப் பூட்டாரு" என்றான்.

அன்று கால் வந்தபோது அவன் ஓடவில்லை. போனைப் பிடுங்கி அதையே அப்பாவிடம் சொன்னான், சொல்லிக்கொண்டே அழுதான். அவரும் அழுதார். "தப்புதான் நைனா" என்றார்.

இப்போது அவனுக்கு ஒன்பது வயது. நாத்தனார் மாங்காட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். போன மாதம், இரண்டாவது பிரசவத்துக்கு மருத்துவமனையில் சேரும் முன், மூன்று வயது மகளை எங்களிடம் விட வந்தாள். குழந்தை வரும் வழியிலேயே தூங்கிவிட்டிருந்தது. பாயில் கிடத்தியவள், "அப்டியே பூட்றேன் அண்ணி, முழிச்சா உடமாட்டா" என்று கிசுகிசுத்து வாசலுக்குத் திரும்பினாள். இத்தனை தொடர்களைச் சலித்தெடுத்தவளுக்கே பிரசவ பயத்தில் எல்லாம் மறந்துவிட்டது.

என் மகன் குறுக்கே நின்றான். "எயுப்பி சொல்லிட்டுப் போ அத்தே."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு நிறைவயிற்றோடு சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்து மகளை எழுப்பினாள். எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள், திரும்பி வருவாள் என்று எல்லாம் சொன்னாள். குழந்தை வீடே அதிரக் கத்தியது. நாத்தனாரும் அழுதுகொண்டேதான் ஆட்டோ ஏறினாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை; இவனைப் பெற்றது நான்தான், ஆனால் இந்தக் குணம் அவள் கொடுத்தது.

குழந்தை அழுது ஓயும்வரை அவன் பக்கத்திலேயே இருந்தான். அப்புறம் டிவியைப் போட்டான். திரையில் ஏதோ ஒரு குட்டி விசும்பத் தொடங்கியது. பழக்கதோஷம், என் கை தானாக நீண்டது. ரிமோட்டைக் காணோம்.

"முடியட்டும்மா" என்றான், இருந்த இடத்தைவிட்டு அசையாமல்.