நாற்பத்தைந்தைக் கண்ட கண்

"இதில என்ன எண் தெரியுது, ஐயா?" என்று கேட்டாள் சௌந்தரம்.

"பன்னெண்டு," என்றார் ரத்தினசாமி.

அவள் அடுத்த அட்டையைப் புரட்டினாள். "இதில?"

"மூணு."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எல்லம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். எழுத்தும் எண்ணும் அறியாதவள். ஆனாலும் விரலால் காற்றில் வரைந்து காட்டினாள். "இன்னாய்யா மூணு? மேல ஒரு வளையம், கீழ ஒரு வளையம், ரெண்டும் ஒட்டினு இருக்குது. கண்ண பொடனியில வச்சினு வந்தியா?"

அட்டையில் இருந்தது எட்டு. அதற்கடுத்த இருபத்தொன்பதை அவர் எழுபது என்றார்.

பிறகு வந்த அட்டை வெறும் வண்ணப் புள்ளிகள். எண்ணே இல்லாத அட்டை என்றுதான் சௌந்தரம் நினைத்திருந்தாள். வாய்க்கு வந்ததைச் சொல்பவர்களைக் கண்டுபிடிக்க வைத்திருப்பார்கள் போலும். இரண்டு வருடமாக அதைக் காட்டுகிறாள். எல்லோரும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள்.

"நாப்பத்தஞ்சு," என்றார் ரத்தினசாமி.

"நல்லா பாத்து சொல்லுங்க. இதில ஒண்ணுமே இல்லை."

"இல்லாததையா சொல்றேன்? இத்தாம் பெருசா உக்காந்தினு இருக்குதேம்மா." கட்டைவிரலால் முதலில் நான்கையும் பிறகு ஐந்தையும் தடவிக் காட்டினார்.

சௌந்தரம் விடைத்தாளை எடுத்தாள். சாதாரணக் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணுக்கு நாற்பத்தைந்து தெரியும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மறுபடி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். புள்ளிகள்தான்.

வேலூரில் அந்த மிஷன் ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் மொழிபெயர்த்துச் சொல்வது அவள் வேலை. டாக்டரம்மா ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் சொல்வாள். அதற்குமேல் பேசிப் பழக்கமில்லாதவள். அன்று அவளாகவே கேட்டாள்: "ஆம்பூர்ல இருந்து எதுக்கு வந்தீங்க?"

"கண்ணாடி வாங்கிப் போட்டுக்கலாம்னு," என்றார். பிறகுதான் விஷயம் வெளிவந்தது.

பன்னிரண்டு வயதில் தோல் கிடங்கில் சுண்ணாம்புக் குழியருகே, ஊறிய தோலின் மயிரைச் சிரைக்க உட்கார்ந்தவர் ரத்தினசாமி. ஒருநாள் அந்தப் பக்கம் காய்ந்துகொண்டிருந்த தோலைப் பார்த்து, "இதுல முள்ளு கீறல் இருக்குது, கட்டுல சேக்காதீங்க," என்றாராம். மேஸ்திரி தேடித் தேடிப் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தார். அதிலிருந்து தரம் பிரிக்கும் மேசை அவருடையதானது. உண்ணி கடித்த தழும்பு, உரிக்கும்போது பட்ட கத்தி, சூடு போட்டு ஆறிய அடையாளம் எதுவும் அவரிடம் தப்பாது. இருபத்தெட்டு வருடம் அவர் கட்டிய கட்டு எதுவும் மதராஸிலிருந்து திரும்பி வந்ததில்லை.

அப்போதெல்லாம் ஆவாரம்பட்டையில் ஊறிய தோல்தான். எல்லாம் ஒரே இளமஞ்சள். முந்தின வருடம் ஆவாரம்பட்டை போதாமல், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பட்டையை முதலாளி நிசார் அஹமது இறக்கினார். அதில் ஊறிய தோல் சிவப்போடிப் போயிற்று. இதைத் தனியாகவும் அதைத் தனியாகவும் கட்டச் சொன்னார். ரத்தினசாமி இரண்டையும் கலந்து கட்டிவிட்டார். கீறல் ஒன்றுகூட இல்லாத அருமையான தோல்கள். ஆனால் கட்டைப் பிரித்தால் மஞ்சளும் சிவப்பும் மாறி மாறி. மதராஸ் பெரியமேட்டு வியாபாரி அப்படியே ரயிலில் திருப்பி அனுப்பினான்.

"ஒரு தடவன்னா தப்புன்னு விட்ருப்பாரு," என்றார் ரத்தினசாமி. "மூணு தடவ. 'எவன் பேச்ச கேட்டு என் பேர கெடுக்கற?'ன்னு எல்லார் எதிரயும் கேட்டுட்டாரு. இப்போ பட்டை இடிக்கிற எடத்துல நிக்கறேன். வேல எதுவா இருந்தா இன்னாம்மா? துரோகின்னு பாக்கறாங்களே, அதான்."

டாக்டரம்மா வந்தார். அட்டை முடிவுகளைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி சௌந்தரத்துக்கே விசித்திரமாக இருந்தது. அப்படியே தமிழில் கேட்டாள்: "உங்க தாய்மாமன் யாருக்காவது இப்படி உண்டா?"

ரத்தினசாமி யோசித்தார். மெல்லச் சிரிப்பு வந்தது. "பேர்ணாம்பட்டுல ஒரு மாமா. மொளகா பழம் பறிக்க அனுப்பினா பாதி பச்சையா கொண்டாருவாரு. சோம்பேறின்னு திட்டுவாங்க."

"இவரு மட்டும் இன்னாவாம்?" என்றாள் எல்லம்மா. "என் முகூர்த்த பொடவ அரக்கு. எல பச்சையா நல்லா இருக்குதுன்னாரு. கிண்டல் பண்றாருன்னு மூணு நாள் பேசல நான்."

டாக்டரம்மா சொன்னதைச் சௌந்தரம் தனக்கும் சேர்த்தே மொழிபெயர்த்தாள். இது வயதால் வந்த கோளாறு இல்லை, பிறவியிலேயே உள்ளது. பெண்ணின் உடம்பில் இதற்கு இரண்டு இழை. ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுகட்டிவிடும். ஆணுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அம்மா கொடுத்தது. அதனால் அம்மாவுக்கு எதுவும் தெரியாமலேயே அவள் அண்ணன் தம்பியிடம் இருந்தது அவள் மகனுக்கும் வந்துவிடலாம். ரத்தினசாமியின் மகன்களுக்கு அவரிடமிருந்து இது போகாது. மகள் சுமப்பாள், அவள் பெறும் ஆண் பிள்ளைகளில் யாருக்காவது வரலாம். நிறம் குறுக்கே நிற்காததால் கீறலும் தழும்பும் இப்படிப்பட்ட சிலருக்குச் சீக்கிரம் கண்ணில் படுவதுண்டாம்.

"பொண்ணுக்கு ஒரு மூக்குத்தி போட வக்கில்ல," என்றாள் எல்லம்மா. "இத மட்டும் கேக்காமலே குடுத்து அனுப்பிட்டியா?"

ரத்தினசாமி அதைக் காதில் வாங்கவில்லை. "அப்போ கீறல பாத்த கண்ணும், செவப்ப பாக்காத கண்ணும் ஒண்ணுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள் சௌந்தரம்.

டாக்டரம்மா முதலாளிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். கீழே சௌந்தரம் தமிழில் எழுதிச் சேர்த்து, படித்துக் காட்டினாள். குற்றம் இவருடையது அல்ல, கண்ணில் பிறவிக் குறை என்றிருந்தது.

ரத்தினசாமி கடிதத்தை வாங்கி மடித்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இத குடுத்தா, பாவம் குருடன்னு விட்ருவாரு. துரோகிக்கு இது தேவல. ஆனா..." அவர் பார்வை மேசைமேல் இருந்த அட்டைகளுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரிக்கே அந்த ஒரு தொகுப்புதான். வாசலைத் தாண்டக் கூடாது என்பது விதி. விதி எதையும் சௌந்தரம் அதுவரை மீறியதில்லை.

டாக்டரம்மா அடுத்த அறைக்குப் போகும்வரை அவர் காத்திருந்தார்.

"அந்த நாப்பத்தஞ்ச மட்டும் ஒரு நாளைக்கு குடும்மா. நாளைக்கு சாயங்கால ரயில்ல நானே கொண்டாந்து குடுத்துடறேன். மொதலாளி கையில குடுத்து, எல்லார் எதிரயும் கேக்கணும்: 'இதுல இன்னா எழுதியிருக்குது, கொஞ்சம் படிங்க மொதலாளி.'"