வடக்கே சமாதானம்

முழங்கால் அளவு தண்ணீர் ஓட வேண்டிய வாய்க்காலுக்குள் நான் செருப்புக் காலோடு நின்றுகொண்டிருந்தேன். ஆனி மாதம். மேற்கே மலை முழுக்க மேகம், குற்றாலத்தில் சாரல், ஆறு சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. அச்சன்புதூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வயலுக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை. என்ன ஏது என்று பார்த்து வரத்தான் அப்பா அனுப்பியிருந்தார்.

ஒன்றும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் மேலே, மடையை அடைத்துப் போட்டுவிட்டு எட்டுப் பத்துப் பேர் கம்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு வடக்கே இருக்கும் மேல் வயல்காரருடைய ஆட்கள். அவருக்கும் அவருக்கு வடக்கே நிலம் வைத்திருப்பவருக்கும் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வரப்புத் தகராறு, கோர்ட்டு, வாய்தா. வைகாசியில் திடீரென்று ராஜி ஆகிவிட்டார்கள். இரண்டு குடும்பமும் பண்பொழி மலைக் கோயிலுக்குச் சேர்ந்து ஏறி, ஒரே தட்டில் அர்ச்சனை வைத்து, ஒரே வண்டியில் திரும்பி வந்தன. பத்து நாள் ஊருக்கு அதுதான் பேச்சு. "பார்த்தீர்களா, மனிதன் மாறுகிறான்" என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நாற்றுக் கட்டோடு கரையில் காத்திருந்த பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏ ராசா, என்ன அப்படிப் பாக்கே? அந்தா செவப்புத் துண்டு கட்டியிருக்கான் பாரு, அவன் எங்க மச்சினன்தான். மூணு வருசமா வடக்கு வரப்புலயே காவலுக்குக் கெடந்தான். இப்ப அங்கன சோலி இல்லைல்லா? இங்கன கொண்டாந்து உக்கார வச்சிருக்காவ."

"அவங்கதான் சமாதானம் ஆயிட்டாங்களே?"

"ஆனதுனாலதான இங்கன வந்திருக்கான்! இல்லேன்னா எப்படி வருவான்? ரெண்டு எடத்துல உக்கார அவனுக்கு என்ன ரெண்டு குண்டியா?"

கரை முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயல் ஞாபகம் போய்விட்டது, தண்ணீர் போய்விட்டது. ஜப்பான், ஜப்பான் என்று மட்டும் தலைக்குள் ஓடியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு தென்காசியைப் பார்த்து மிதித்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா, "தண்ணி வந்துச்சாலே?" என்று கேட்டார். "ஜப்பான் தெற்கே வரும் அப்பா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஏன் ஜப்பான் என்று சொல்லிவிடுகிறேன்.

இண்டர்மீடியட் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நாங்கள் மூன்று பேர் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தி வந்தோம். மாதம் இரண்டே பிரதி. ஒன்று வாசகசாலை மேஜையில் கிடக்கும், இன்னொன்று வீடு வீடாகச் சுற்றும். கதை ஒருவன், பாட்டு ஒருவன், உலக நடப்பு நான். மத்தியான ரயிலில் வரும் பேப்பரை ஸ்டேஷனிலேயே போய் நின்று வாங்கிப் படிக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

இந்த 1941 சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி அந்தச் செய்தி வந்தது. ஜப்பானும் ருஷ்யாவும் மாஸ்கோவில் உட்கார்ந்து, ஒருவரோடு ஒருவர் சண்டை போடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்புதான் மஞ்சூரியா எல்லையில் பீரங்கி வைத்து அடித்துக்கொண்டவர்கள். எனக்குக் கை துறுதுறு என்றது. 'கிழக்கே இனிப் போர் இல்லை' என்று தலைப்பிட்டு நான்கு பக்கம் எழுதினேன். வர்ணப் பென்சிலால் படமும் போட்டேன். பகையாளிகள் இரண்டு பேர் ஒரே தட்டில் அர்ச்சனை வைத்தால் பகை முடிந்தது என்பதுதான் நான் பிறந்து வளர்ந்த பக்கத்தில் கண்டது. மாஸ்கோக் கையெழுத்தையும் நான் அப்படியே படித்துவிட்டேன். இந்தக் கையெழுத்தால் யாருக்குக் கை காலியாகிறது, காலியான கையை அவன் எங்கே கொண்டுபோவான் என்று ஒரு வரி யோசிக்கவில்லை.

பத்திரிகையோடு போயிருந்தால் பாதகமில்லை. அக்கா இருந்தாள். அக்காவுக்குக் கல்யாணமாகி ஐந்தாம் மாதம் அத்தான் மலாயாவில் பினாங்குக்குப் போனார். அங்கே ஜவுளிக்கடை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. "அனுப்பி வையுங்கள்" என்று அவரும் எழுதிக்கொண்டே இருந்தார். யுத்த காலத்தில் பெண்ணைக் கப்பல் ஏற்றுவதா என்று அப்பா இழுத்தார். அந்த நேரத்தில்தான் நான் என் நான்கு பக்கத்தை வீட்டில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன்.

"அப்ப பயமில்லேங்கே?" என்றார் அப்பா.

"எள்ளளவும் இல்லை. சண்டையெல்லாம் ஐரோப்பாவில்."

அன்றைக்கே பண்பொழியில் இருக்கும் அக்காவின் மாமனாருக்கு ஆள் போயிற்று. அனுமதிச் சீட்டுக்கு எழுதிப் போட்டார்கள். ஆவணியில் புறப்படும் நாகப்பட்டினத்துக் கப்பலில் இடம் கிடைத்தது. அக்கா அன்று எனக்கு மட்டும் தனியாக அதிரசம் சுட்டுக் கொடுத்தாள்.

இப்போது அதே வாயால் போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

செய்திகளும் சும்மா இருக்கவில்லை. பகை வேண்டாம் என்று முன்பு கையெழுத்துப் போட்ட ஜெர்மனியே ருஷ்யாவின் மேல் பாய்ந்துவிட்டது. ஆடியில் ஜப்பான் சிப்பாய்கள் இந்தோசீனாவின் தென்கோடியில், சைகோன் பக்கம் வந்து இறங்கினார்கள். அமெரிக்கா கோபித்துக்கொண்டு ஜப்பானுக்குப் பெட்ரோலை நிறுத்தியது. வாசகசாலை அட்லஸை விரித்து, சைகோனிலிருந்து பினாங்குக்கு நூல் பிடித்துப் பார்த்தேன். நூலை எடுத்த பிறகும் விரல் அங்கேயே நின்றது. பெட்ரோல் இல்லாத ராஜ்யம் அது கிடைக்கிற இடத்துக்குத்தானே போகும்? கிடைக்கிற இடம் டச்சுக்காரன் தீவுகள். போகிற வழியில் மலாயா. வடக்கே காவல் நின்ற சிப்பாய்க்கு இப்போது அங்கே வேலையும் இல்லை.

அன்று மத்தியானமே தூறலில் நனைந்துகொண்டு பண்பொழிக்குப் போனேன். அக்காவின் மாமனாரை நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன்; ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து பென்ஷன் வாங்கியவர். பேசும்போது எதிரே நிற்பவன் குற்றவாளி என்றே எண்ணிப் பேசுவார்.

"வாரும். என்ன, தொப்பலா நனைஞ்சு வந்திருக்கீரு?"

"மாமா, அக்கா இந்தக் கப்பலில் போக வேண்டாம்."

"ஏன்?"

சொன்னேன். மாஸ்கோ, சைகோன், பெட்ரோல், எல்லாம் ஒரே மூச்சில். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டார்.

"சிங்கப்பூர்ல வெள்ளைக்காரன் வச்சிருக்க பீரங்கி எம்புட்டு நீளம்னு தெரியுமா உமக்கு? கடல்ல ஒரு காக்கா பறக்க முடியாது."

"கடல் வழியாகத்தான் வருவான் என்று யார் சொன்னது?"

"அப்போ காட்டுக்குள்ளயா வருவான்? புலி இருக்குவே அங்கன!"

எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் எங்கள் பத்திரிகை. சுற்றுக்குப் போன பிரதி ஏன் திரும்பவில்லை என்று இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தோம். நான்காம் பக்கத்தைப் புரட்டி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான்."

"படம் போட்டது?"

"நான்தான்."

"அந்தால முடிஞ்சு போச்சு. சித்திரையில ஒண்ணு எழுதுவீரு, ஆடியில ஒண்ணு சொல்லுவீரு. சாட்சிக் கூண்டுல இப்படிப் பேசினா வக்கீல் உம்மை உரிச்சு உப்புத் தடவிருவான்."

 அந்த நான்கு பக்கத்தில் எழுத்துப் பிழைகூட இல்லை என்பது இன்னும் எரிந்தது.

வீட்டில் அக்கா ஜாடியில் நார்த்தங்காய் ஊறுகாயை அமுக்கிக்கொண்டிருந்தாள். அத்தானுக்குப் பிடித்தது. நான் ஆரம்பிப்பதற்கு முன்பே, "மாமாகிட்ட போய் வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தியாக்கும்?" என்றாள். பண்பொழியிலிருந்து செய்தி எப்படி எனக்கு முன்னால் வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை. சந்தைக்கு வந்த யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"அக்கா, நான் எழுதினது தப்பு."

"நீ எழுதினது தப்புன்னு உனக்கு வருத்தமா, எனக்கு ஏதும் ஆயிருமோன்னு வருத்தமா? அதை முதல்ல சொல்லு."

ஊறுகாய்க் கையோடு அப்படிக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ரெண்டும்தான்" என்றேன். அது உண்மை.

"நெசமாவே சண்டை வருமா?"

"நாள் சொல்லத் தெரியாது. வரும்."

அக்கா ஜாடிக்குத் துணி கட்டினாள். 

"அப்ப அவிய மட்டும் அங்கன இருக்கலாமா? சண்டை வந்து அவிய தனியாக் கெடப்பாவ, நான் இங்கன உக்காந்து நீ பேப்பர் படிக்கத கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

நான் யோசிக்காத இடம் அது. இத்தனை ராஜ்யங்களை யோசித்தவன் அந்த ஒரு ஆளை யோசிக்கவில்லை.

"ஒரு கப்பலை விடுதேன்லே. அப்பாகிட்ட நானே சொல்லிக்கிடுதேன். ஐப்பசி வரைக்கும் இருப்பேன். அதுக்குள்ள அவியளை இங்கன வரவச்சிரு. உன்னால முடியலைன்னா நான் போயிருவேன். அதுக்குப் பொறவு மாஸ்கோ கீஸ்கோன்னு என்கிட்ட வந்து நிக்காதே."

சொன்னபடியே செய்தாள். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாமா இந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். கப்பல் ஆவணியில் அவள் இல்லாமல் போயிற்று. அது போன நாளில் நான் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக ஏழு தடவை நடந்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது.

அத்தானுக்கு முதல் கடிதம் ஆறு பக்கம் எழுதினேன், ஒன்றையும் ஒளிக்காமல். அவருடைய பதில் இப்படி வந்தது: 'உன் கடிதம் கிடைத்தது. தணிக்கைக்காரர் கத்தரி போட்டதில் ஜன்னல் ஜன்னலாக இருக்கிறது. எல்லோரும் சுகம் என்பதும், ஊரில் நல்ல மழை என்பதும் தெரிந்துகொண்டேன். அக்கா கப்பலில் ஏன் வரவில்லை?' இரண்டாவதைச் சுற்றி வளைத்து எழுதினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறார். மூன்றாவதை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

புரட்டாசி பாதி போய்விட்டது. உட்கார முடியவில்லை. பேப்பரில் தினம் டோக்கியோவும் வாஷிங்டனும் பேசிக்கொண்டிருக்கின்றன. பேசுகிறவரைக்கும் நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறேன். அடுத்த நிமிஷமே, அந்த எண்ணம்தான் போன தடவை என்னை விழுத்தாட்டியது என்று பதறுகிறேன்.

ஆனால் ஒரு வழி அகப்பட்டிருக்கிறது. பினாங்கில் அத்தான் கடைக்கு எதிர்க்கடைக்காரர், தென்காசிக்காரர், மகள் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை புறப்படுகிறார். அவர் வீட்டுக்குப் போய்ப் பிரயோஜனமில்லை. ஊறுகாயும் பலகாரமும் கொடுத்தனுப்ப வந்தவர்கள் வாசல் வரைக்கும் நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஜப்பான் பேச்சை எடுத்தால் யுத்த வதந்தி பரப்புகிறான் என்று மறுநாள் போலீஸ் என் வீட்டு வாசலில் நிற்கும். கடிதமும் கொடுக்கக்கூடாது, கப்பலடியில் பிரித்துப் பார்ப்பார்கள். வாய்ச் சொல்லாகத்தான் போக வேண்டும்.

அவர் தினமும் காலையில் குற்றாலத்துக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறார். அருவிக்குள் போய்விட்டால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. பாறையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்க்கிற நேரம்தான் எனக்கு. ஜப்பான் என்று தொடங்கினால் அவரும் சிங்கப்பூர் பீரங்கியைப் பிடித்துக்கொள்வார். ஆகவே முதலில் அக்காவைச் சொல்ல வேண்டும்: ஐப்பசிக் கப்பலில் அவள் ஏறிவிடுவாள், தடுக்க எங்களால் முடியாது. இரண்டாவது, அத்தான் கடையை யார் கையிலாவது கொடுத்துவிட்டு அதற்குள் புறப்பட வேண்டும். ஏன் என்று கேட்டால் மட்டும் மூன்றாவது, ஜப்பான்.

அந்த மூன்றாவதை மத்தியானத்திலிருந்து சுருக்கிக்கொண்டிருக்கிறேன். கடிதத்தில் ஆறு பக்கம் போனது இப்போது ஐந்து வாக்கியத்துக்கு வந்திருக்கிறது. இன்னும் இரண்டு போக வேண்டும். சைக்கிளுக்குக் காற்று அடித்தாயிற்று. நாளைக் காலை ஆறு மணிக்கு அருவியடியில் இருப்பேன்.