ஆய்வாளர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில்

எங்கள் விலங்குத் தோட்டத்துக்கு அனைத்துலக விலங்குத் தோட்டச் சங்கத்தில் உறுப்பினர் தகுதி கிடைத்ததும் நான் குடியிருக்கும் புக்கிட் பாஞ்சாங்கில் பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்டை நிறுத்திவைத்துப் பாராட்டினார். "உங்களாலதான் லா!" என்றார். பல்லைக் காட்டி வைத்தேன்.

குரங்குப் பிரிவில் நான் மூத்த பராமரிப்பாளர். அங்கே கூண்டு கழுவும் வேலையில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மேடம் என்பார். பராமரிப்பாளராகிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. இரண்டு முறை மனுப் போட்டார். இரண்டு முறையும் இங்கிலீஷ் போதாது என்று தள்ளிவிட்டார்கள்.

மயக்க மருந்து இல்லாமல் விலங்கிடம் ரத்தம் எடுக்க முடிகிறதா என்று, தகுதி தருவதற்கு முன் சங்கம் அனுப்பும் ஆய்வாளர்கள் கட்டாயம் பார்ப்பார்கள். எங்கள் ஓராங் ஊத்தான் கிழவி தானாகவே கம்பி வழியாகக் கையை நீட்ட வேண்டும். நானும் மாதக்கணக்கில் "ஆர்ம், ஆர்ம்" என்று தொண்டை வற்றக் கத்தினேன். அது முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவு திமிர்! அண்ணன் தரையைக் கழுவி முடித்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, "எங்க ஆத்தா, கையக் குடு" என்பார். உடனே கொடுக்கும். தினமும் அவர் பேசிப் பேசிப் பழக்கியது அது.

ஆய்வு நாளன்று அண்ணனைத் தோட்டத்தின் மறுகோடியில் இருந்த தீவனக் கிடங்குக்கு அனுப்பினேன்.

"நான் இருந்தாத்தான மேடம் அது கை குடுக்கும்?"

"அவங்க இங்கிலீஷ்ல கேள்வி கேப்பாங்கண்ணே. நீங்க மாட்டிக்குவீங்க."

நல்லவள் மாதிரி சொன்னேன். வெள்ளைக்காரர்கள் முன்னால் ஒரு துப்புரவாளர் குரங்கைத் தமிழில் கொஞ்சினால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம்தான் உண்மைக் காரணம். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவளுக்கு வந்த கூச்சத்தைப் பாருங்கள்!

ஆய்வாளர்கள் வந்தார்கள். "ஆர்ம்" என்றேன். கிழவி முதுகைக் காட்டியது. மறுபடி சொன்னேன். கூட நின்ற எங்கள் தோட்ட இயக்குநரின் முகம் சுருங்கியது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. வேறு வழியில்லாமல் குந்தி உட்கார்ந்து, "எங்க ஆத்தா, கையக் குடு" என்றேன். அது திரும்பி, என் தோளுக்குப் பின்னால் அவரைத் தேடிப் பார்த்தது. பிறகு மெல்லக் கையை நீட்டியது. மருத்துவர் ரத்தம் எடுத்தார்.

ஆய்வாளர்களில் ஒரு பெண்மணி கண் கலங்கிவிட்டார். இதைப் பழக்கியது யார் என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

உறுப்பினர் தகுதி கிடைத்ததும் ஃபேரர் பார்க்கில் ஓர் உணவகத்தில் எல்லாருக்கும் விருந்து. ஆய்வாளர்களின் அறிக்கையில் என் பயிற்சியைத் தனியாகப் பாராட்டியிருந்த பத்தியை இயக்குநர் எழுந்து நின்று வாசித்தார். கைதட்டினார்கள். அவர் அண்ணன் பக்கம் திரும்பி, நீங்களும் இவரிடம் கற்றுக்கொண்டீர்களா என்று சிரித்தபடி கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

"யெஸ் சார். மேடம் டீச் மீ."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பாவி, பிரியாணியைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

கை கழுவும் இடத்தில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணே, இன்னொரு தடவ மனுப் போடுங்க. நான் சிபாரிசு பண்றேன்" என்றேன்.

அவர் குழாயை மூடினார். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"வேணாம் மேடம். எந்த மிருகத்தப் பழக்கியிருக்கீங்கன்னு அதுல ஒரு கேள்வி இருக்கு. உள்ளத எழுதினா உங்க வேலைக்கு வம்பாயிடும். நான் இப்படியே இருந்துட்டுப் போறேன், விடுங்க."

எனக்கு அழுகை வந்தது என்று எழுதத்தான் ஆசை. வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.