கைராசிக்காரி

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவளுக்குக் கை நடுங்காது. அந்த ஒரு நல்ல குணமே அவளுக்கு வினையாக முடிந்தது. மூன்று வயது மகளுக்கு விழுங்க வராது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற மெல்லிய குழாயில்தான் பால், மருந்து எல்லாம். அதைப் போடுவதற்கு ஆஸ்பத்திரியில் அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் தடவையே அவள் சரியாகப் போட்டுவிட்டாள். "கைராசிக்காரிம்மா நீங்க" என்றார் நர்ஸ். பஸ் ஓட்டும் கணவர் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பதினான்கு மாதமாகக் குழாய் போடும் நேரம் வந்தாலே, "உன் கை மாதிரி வருமா?" என்று நைசாகக் கழன்றுகொள்வார். புகழ்ந்தே வேலை வாங்குவதில் மனிதர் சாமர்த்தியசாலி.

மகளுக்குக் கைராசியெல்லாம் தெரியாது. அம்மா என்றால் மூக்கில் குத்துகிறவள். அப்பா என்றால் தோளில் தூக்கிச் சுற்றுகிறவர். அம்மா சீப்போடு கிட்டே வந்தாலும் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொள்வாள். பெற்ற பிள்ளையே தன்னைக் கண்டு பயப்படுவது அவளை உள்ளுக்குள் அரித்தது. ஒரே ஒரு தடவை தானாக வந்து ஒட்டிக்கொள்ளாதா என்று ஏங்கினாள். உடம்பும் மனசும் சலித்துப்போயிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் மறுபடியும் குழாயைப் பிடுங்கிப் போட்டாள். கணவர் புதுக் குழாயை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"என்னால முடியலங்க. நீங்க போடுங்க."

"நானா? விளையாடாத. எனக்குக் கை உதறும்."

"உதறட்டும். நீங்களும்தானே கத்துக்கிட்டீங்க? நான் புடிச்சுக்கிறேன்."

மகளை மடியில் இருத்திப் போர்வையால் சுற்றிக்கொண்டாள். அவர் மகளின் மூக்கிலிருந்து காது, காதிலிருந்து மேல்வயிறு என்று குழாயை இரண்டு தடவை அளந்து குறி வைத்தார். நுனியை நனைத்து மூக்கில் விட்டார். குழந்தை குமட்டி அலறினாள்.

"கொஞ்சம் நில்லுங்க, மூச்சு விடட்டும். ம்... இப்ப மெதுவா."

குறி மூக்கைத் தொட்டதும் கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டினார். சிரிஞ்சால் குழாய் வழியாக உள்ளிருந்து ஒரு சொட்டு இழுத்து, வயிற்று அமிலம்தானா என்று காட்டும் சோதனைத் தாளில் விட்டு, வந்த நிறத்தைப் பெட்டியில் அச்சிட்டிருந்த நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். குழாய் வயிற்றில்தான் இருந்தது. அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"முடிஞ்சுதுடா கண்ணு, அப்பாகிட்ட வா."

"போ!" என்றாள் மகள். திரும்பி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தாள்.

அவர் முகம் செத்துப்போயிற்று. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"சரி விடு, அடுத்த தடவை நீயே..." என்று இழுத்தார்.

அவள் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த தடவையும் நீங்கதான்."