கெமிஸ்ட்ரியில் முப்பத்தாறு

போன வாரம் எதிர்வீட்டு அம்மாள் தன் மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். பையன் இண்டர்மீடியட் பாஸ். பாஸ் என்றால்... பாஸ், அவ்வளவுதான். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு மெடிக்கல் காலேஜ் வாசலில் போய் நின்றால் காவல்காரர்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

"உங்க அண்ணன் டாக்டருதானம்மா? பரிச்ச சமயத்துல இவனுக்குக் காச்சல்னு ஒரு சர்ட்டிபிகேட்டு வாங்கிக் குடுங்க. புண்ணியமாப் போகும்."

பையனைப் பார்த்தேன். காய்ச்சலே இவனைக் கண்டால் பயந்து ஓடும், அப்படி ஓர் உடம்பு.

"நெசமாவே காச்சலாடா?"

"இல்லக்கா, சடுகுடு."

சர்ட்டிபிகேட் எல்லாம் கிடைக்காது என்று சொல்லி, இருவருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினேன். காப்பியைக் குடித்துவிட்டுத்தான் அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தது. "ஒங்க அண்ணன் மட்டும் என்ன, பஸ்ட் கிளாஸ்ல பாஸ் பண்ணியா டாக்டரானாரு?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

நியாயமான கேள்வி. என் அண்ணன் மூன்றாம் வகுப்பு. கெமிஸ்ட்ரியில் முப்பத்தாறு மார்க். இன்னும் இரண்டு மார்க் குறைந்திருந்தால் அதுவும் இல்லை! இப்போது அவனியாபுரத்தில் போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறான். காலையில் போனால் மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும். எப்படி நடந்தது இது? போன வாரம் இந்தப் பத்தியில் கொத்தமல்லித் துவையலைப் பற்றி எழுதியதற்கே எனக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்தது. இதைச் சொன்னால் என்ன வருமோ... இருந்தாலும் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் பரவையில் இருந்தோம். அப்பா, அண்ணன், நான், அப்பாவின் அக்கா. எங்கள் அம்மா நான் பால்குடி மறப்பதற்கு முன்பே போய்விட்டாள். எனக்கும் அண்ணனுக்கும் அம்மா என்றால் அந்த அத்தைதான். அத்தைக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தாலும் எங்களிடம் வைத்த பிரியத்தில் மிச்சம் வைத்திருக்க மாட்டாள். அண்ணன் தினமும் சைக்கிளில் மதுரைக்குப் போய் இண்டர்மீடியட் படித்தான். டாக்டர் ஆக வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பு கிடையாது. வாத்தியார்களும் இடம் கிடைக்கும் என்றுதான் சொன்னார்கள்.

பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கும்போது எனக்கு டைபாய்டு வந்தது. எனக்குப் பதினான்கு வயது.

இன்று புது மருந்துகள் வந்துவிட்டன என்கிறார்கள். அன்று டைபாய்டுக்கு மருந்தே பட்டினிதான். மதுரையிலிருந்து வந்து பார்த்த டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் — பார்லித் தண்ணீர், மோர்த் தெளிவு, சாத்துக்குடிச் சாறு. காய்ச்சல் விட்ட பிறகும் பத்து நாளைக்கு இதுவேதான். குடல் புண்ணாகிக் கிடக்கிறது. கெட்டியாக ஒரு கவளம் உள்ளே போனாலும் ஓட்டை விழுந்துவிடும். ஓட்டை விழுந்தால்? டாக்டர் பையை மூடினார்.

அண்ணன் புத்தகத்தை மூடிவிட்டான். நாலு மணிக்கு ஒரு தரம் தெர்மாமீட்டர் வைத்து, காலேஜ் கிராஃப் நோட்டில் புள்ளி வைத்துக் கோடு போடுவான். நெற்றிக்கு ஈரத்துணி போடுவான். படுக்கையைத் துவைப்பான். ஆம், எல்லாவற்றையும்தான். ஒரு பதினெட்டு வயது ஆண்பிள்ளை இந்த வேலை செய்வதைப் பக்கத்து வீட்டார் பார்த்துவிடக் கூடாதே என்று அத்தை கொல்லைக் கதவைச் சாத்தி வைப்பாள். எனக்கு ஜன்னி கண்டபோது, "வைக்கப்போர்ல தீ" என்று கத்தினேனாம். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அணைச்சாச்சு புள்ள, அணைச்சாச்சு" என்று விடிய விடியச் சொன்னானாம்.

இருபத்துநாலாவது நாள் காய்ச்சல் விட்டது. அப்புறம் வந்தது பாருங்கள் பசி! அப்படி ஒரு பசியை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. அடுப்படியில் அரிசி களைகிற சத்தம் கேட்டால் அழுவேன். அண்ணனைப் பாவி, சண்டாளா என்று திட்டுவேன். அவன் சாத்துக்குடியைப் பிழிந்துகொண்டே சிரிப்பான். என் அழுகையைத் தாங்க முடியாமல் தவித்தது அத்தைதான்.

அத்தைக்கு எந்தக் காய்ச்சலும் மாரியாத்தா கொடுத்த காய்ச்சல்தான். விட்ட பிறகு நல்ல நாள் பார்த்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் காயவைத்துத் தலைக்கு ஊற்ற வேண்டும். ஊற்றிய கையோடு பழைய அரிசியைக் குழைய வடித்து, மிளகு ரசம் விட்டுப் பத்தியச் சோறு போட வேண்டும். அப்போதுதான் பிள்ளை பிழைத்ததாகக் கணக்கு. டாக்டர் ஆயிரம் சொல்வார்... அவரா பிள்ளையை வளர்த்தார்?

அத்தை பார்த்த நல்ல நாள், ஒரு வெள்ளிக்கிழமை. காய்ச்சல் விட்டு நாலாவது நாள். அன்றைக்குத்தான் அண்ணனுக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சை.

பரீட்சை ஹாலில் மூன்றாவது கேள்வி எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணனுக்குத் திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்ததாம். காலையில் சைக்கிளை எடுக்கும்போது முற்றத்துக் குடத்தில் வேப்பிலை மிதந்ததே! ஐயோ, இன்றைக்குத் தலைக்கு ஊற்றப் போகிறாள்... சோறு போடப் போகிறாள்! பேனாவை மூடினான். பேப்பரைக் கொடுத்தான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மதுரையிலிருந்து பரவை வரைக்கும் அந்தப் பங்குனி வெயிலில் மிதித்தான்.

அவன் உள்ளே வந்தபோது ஈரத்தலையோடு நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே தட்டு. தட்டில் சோறு. அத்தை கையில் ரசக் கரண்டி.

"அத்தே!" என்று கத்தினான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் வாயில வைக்கலய்யா... இப்பத்தான் பெசஞ்சேன்" என்றாள் அத்தை.

அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினான். திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "பரிச்ச முடிஞ்சிருச்சாய்யா?" என்று அத்தை கேட்டாள். "முடிஞ்சிருச்சு அத்தே" என்றான்.

ரிசல்ட் வந்தது. கெமிஸ்ட்ரியில் முப்பத்தாறு. மற்றதிலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மாசம் என் தலைமாட்டில் உட்கார்ந்தவன் எதைப் படித்திருப்பான்? அப்போதுதான் அவன் பாதியில் எழுந்து வந்த கதையே வீட்டுக்குத் தெரிந்தது. அத்தை அன்றிலிருந்து மூன்று வேளையும் கேப்பைக் களி தின்றாள். கேட்டதற்கு, "புள்ளைக்கு எடம் கெடைக்கட்டும், அப்புறம் சோறு திங்கிறேன். நான் வடிச்ச சோத்தாலதான வந்துச்சு" என்றாள்.

இந்த இடத்தில்தான் எங்கள் தாய்மாமா வருகிறார். மதுரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எந்தச் சிக்கலுக்கும் ஒரு காகிதம் உண்டு என்று நம்புகிறவர். எப்படியோ அண்ணனை மெடிக்கல் காலேஜுக்கு மனுப் போட வைத்து, அட்மிஷன் கமிட்டியார் பேட்டிக்குக் கூப்பிட்டதும் ஒரு சர்ட்டிபிகேட்டோடு வந்தார். பரீட்சைக்கு முந்திய மாசம் முழுதும் அண்ணனுக்கு டைபாய்டு என்று எழுதியிருந்தது.

"மாமா, காச்சல் எனக்கில்லையே!"

"மாப்ள, நம்ம வீட்டுல காச்சல் வந்தது நெசந்தான? ஆளு மட்டுந்தான மாறிருக்கு. தங்கச்சிக்குப் பண்டுவம் பாத்தேன்னு அங்க போயி சொல்லிராத. வீட்டுல பொம்பளைக இல்லையான்னு கேப்பாங்க, மானம் போயிரும்."

அண்ணனும் தலையாட்டினான். டாக்டர் ஆகப் போகிறவன், நோயாளிக்குப் பணிவிடை செய்ததைச் சொல்ல வெட்கப்படுகிறான். நம் வீடுகளில் ஆண்பிள்ளை நோயாளியாக இருக்கலாம், டாக்டராக இருக்கலாம். நடுவில் உள்ள வேலைகளை மட்டும் செய்யக் கூடாது! செய்தால் மறைக்க வேண்டும். இதை என்னவென்று சொல்வது?

சென்னையில் கமிட்டி. மூன்று பேர். நடுவில் இருந்தவர் வயதான டாக்டர். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. அண்ணன் எங்களுக்குத் தமிழில் சொன்னதை எழுதுகிறேன்.

சர்ட்டிபிகேட்டைப் படித்தார் அவர். "எத்தனை நாள் காய்ச்சல்?"

"இருபத்துமூன்று நாள், சார்."

"அதிகபட்சம்?"

"பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் நூற்றி நாலேகால். நாடி மட்டும் தொண்ணூறைத் தாண்டவில்லை."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜன்னி கண்டதா?"

"பதினைந்தாம் நாளிலிருந்து. விரல்கள் போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருந்தன. வைக்கோற்போரில் தீ என்று கத்தியது. கையைப் பிடித்துக்கொண்டால் கொஞ்சம் அடங்கும்..."

"தம்பி," என்றார் பெரியவர், மிகவும் மெதுவாக. "எத்தனையோ வருஷமாக டைபாய்டு பார்க்கிறேன். ஜன்னியில் தான் பேசியதை இவ்வளவு நன்றாக ஞாபகம் வைத்திருக்கிற நோயாளியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். யாருக்கு அப்பா காய்ச்சல்?"

அண்ணன் உடைந்துவிட்டான். என் தங்கைக்கு சார், என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். கிராஃப் நோட்டு, துவைத்த படுக்கை, குடத்து வேப்பிலை, பாதியில் கொடுத்த பேப்பர். பக்கத்தில் இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ போய்ச் சேர்ந்தபோது அவள் சாப்பிட்டிருந்தாளா?"

"இல்லை சார். ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை."

பெரியவர் சர்ட்டிபிகேட்டை மடித்து அவனிடமே கொடுத்தார். "இதைக் கிழித்துப் போடு. பொய்க் காகிதம் கொண்டுவந்ததற்கு உன்னை இப்போதே வெளியே அனுப்ப வேண்டும். போகலாம்."

லிஸ்ட் வந்தது. அண்ணன் பேர் இல்லை. அவன் ஏர் பிடிக்கிறேன் என்று அப்பாவோடு வயலுக்குப் போனான். அத்தை களியை விடவில்லை. நான் யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தேன். எனக்காகத்தானே எல்லாம்?

ஒரு மாசம் கழித்துத் தபால் வந்தது. சேர்ந்தவர்களில் ஒருவர் விலகிவிட்டாராம், அந்த இடத்துக்கு உடனே வரவும் என்று டைப் அடித்த கடிதம். அடியில் பேனாவால் ஒரு வரி: 'கெமிஸ்ட்ரியை ஒழுங்காகப் படி. நோயாளியைப் பார்த்துக்கொள்ள உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.'

அன்றைக்கு அத்தை உலை வைத்தாள். முதல் கவளத்தை அவன்தான் ஊட்டினான். அத்தை அழுதுகொண்டே தின்றாள், நாங்களும்தான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். வாசகர்களிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம், "எழுதட்டுமா அத்தே?" என்று கேட்டேன். "எழுதிக்க தாயி, எனக்கென்ன வாசிக்கவா தெரியும்?" என்று சொல்லிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை, தெருவில் சைக்கிள் சத்தம் கேட்டதும் அத்தை முந்தானையால் அவசர அவசரமாக என் வாயைத் துடைத்துவிட்டாள். அண்ணன் கத்திய கத்தலில்தான் அவளுக்கே விபரீதம் புரிந்தது. அவன் நின்ற நிலையைப் பார்த்து, 'வைக்கல' என்று வாயில் வந்துவிட்டது. நானும் தலையை ஆட்டிவிட்டேன். பரீட்சையை எறிந்துவிட்டு வந்தான் என்று தெரிந்த பிறகு, எந்த வாயால் அவனிடம் சொல்வது? தின்ற நாளிலிருந்து வயிறு எப்போது வெடிக்கும் என்று நான் மூன்று நாள் அசையாமல் கிடந்தேன். "வலிக்குதா, வலிக்குதா" என்று அத்தை என் பக்கத்தை விட்டு நகரவில்லை. அத்தைக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று அண்ணன் சந்தோஷப்பட்டான்.

அண்ணே, அம்புட்டுத் தூரம் மிதிச்சும் நீ மூணு வாய் லேட்டு... அதுக்காக டாக்டர் ஸீட்டைத் திருப்பிக் குடுத்துராத!