கண்ணை எங்கே வைப்பது

என் தங்கை கிளைடரைத் தரையில் போட்டு உடைத்த செய்தி வந்தபோது, நான் செராமிக் கம்பெனியில் சுடாத கோப்பைகளை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். கிளைடர் என்பது இன்ஜின் இல்லாத விமானம். கயிறு கட்டி இழுத்து மேலே விடுவார்கள், அப்புறம் ஓட்டுகிறவர் பாடு. இன்ஜின் இல்லாததில் ஏறாதே என்று அவளோடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். எங்கள் விருத்தாசலத்தில் ஒரு பெண் பஸ் ஓட்டினாலே நின்று பார்ப்பார்கள். இவளுக்கு ஆகாயம் கேட்டது.

வெளியூர் மைதானத்தில் அவள் தனியாகப் பறந்தது அன்று நான்காவது தடவை. இறங்கும்போது தரைக்கு இரண்டு ஆள் உயரம் இருக்கையிலேயே வேகம் செத்து, தொப்பென்று விழுந்திருக்கிறது. சக்கரம் உடைந்தது. அவள் முதுகெலும்பில் மயிரிழை அளவு விரிசல். எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு விரிசலைக் கண்டால் கோப்பையைக் கழித்துவிடுவோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்புதான்.

மல்லாந்து கிடந்தவள் என்னைப் பார்த்ததும், "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

"சொல்லாம? வூட்ல அழுதுகிட்டு இருக்காங்க. நீ மகாராணி மாதிரி படுத்திருக்க."

அவள் கவலை வேறு. மறுநாள் பயிற்சியாளர் வருவார். விபத்து எப்படி நடந்தது என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் மறுபடி பறக்க விடுவதா, வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். கூடாது என்றால் அவள் உடைந்துபோவாள் என்பது எனக்குத் தெரியும். அதனால், "காத்து தூக்கி அடிச்சிடுச்சுன்னு எழுதிடு. காத்த யாரு போயி விசாரிக்கப் போறாங்க?" என்றேன்.

"அன்னைக்குக் காத்தே இல்லக்கா."

பிறகு உள்ளங்கையை விமானம் போலப் பிடித்துக் காட்டிச் சொன்னாள். "எறங்குறப்ப மைதானத்தோட கடைசியப் பாக்கணும்னு சார் தலபாடா அடிச்சுகிட்டாரு. நான் சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு பாத்துட்டேன். பலகையில பச்சக் கோப்பைய வைக்கிற மாதிரி."

எனக்கு உடனே புரிந்தது. லீவு நாட்களில் அவளும் இதே கம்பெனியில் வேலை பார்த்தவள். சுடாத பச்சைக் கோப்பையைப் பலகையில் வைக்கும்போது, அடி விளிம்பு தொடும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் உடையும். அந்தக் கண்ணோடு கிளைடரை இறக்கியிருக்கிறாள். அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் தரை பாய்ந்து வருவதாகத் தோன்றி, முன்கூட்டியே கிளைடரின் மூக்கைத் தூக்கி, வேகத்தைக் கொன்றுவிட்டாள்.

"இத எழுதினா ஏத்தவே மாட்டாங்கடி."

"காத்துன்னு எழுதினா ஏத்துவாங்க. அடுத்த வாட்டியும் அங்கதான் பாப்பேன்."

பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தேன். படுத்தபடியே காகிதத்தை முகத்துக்கு மேலே பிடித்து எழுதினாள். 'நான் கீழே பார்த்தேன்' என்பதுதான் முதல் வரி. மறுநாள் வந்த பயிற்சியாளர் அதை இரண்டு தடவை படித்தார். "மொதல்ல முதுகு ஆறட்டும்மா. அப்புறம் என்கூட ஏறு, பாக்கலாம்" என்றார்.

அந்த வாரம் கம்பெனியில் நான் ஒரு காரியம் செய்து பார்த்தேன். கோப்பையை வைக்கும்போது ஜன்னலைப் பார்க்க முயன்றேன். கண் நகரவே மாட்டேன் என்றது. வம்படியாகத் திருப்பினேன். விளிம்பு போயிற்று, மேஸ்திரியிடம் திட்டும் கிடைத்தது. இந்தப் பழக்கத்தையா அவள் ஆகாயத்தில் வைத்து மாற்றப்போகிறாள் என்று மலைத்துப்போனேன்.

மாதங்கள் கழித்து, பயிற்சியாளரோடு பல தடவை ஏறி இறங்கிய பின், மறுபடி தனியாகப் பறக்கும் நாள் வந்தது. லீவு போட்டுவிட்டுப் போனேன். மைதானத்தின் கடைசியில், வேலிக்கு வெளியே நின்றேன். கிளைடர் தாழ்ந்து என்னை நோக்கி வந்தது. அப்புறம் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. கிளைடர் தூரத்திலேயே ஓடி நின்று, வழக்கம்போல ஒரு பக்க இறக்கையைத் தரையில் சாய்த்தது.

முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"எங்கடி பாத்த?"

"வேலிகிட்ட உன் மஞ்சத் துப்பட்டா தெரிஞ்சிதுக்கா. அதுலேருந்து கண்ணையே எடுக்கல."

அவள் இறங்கும்போது அந்தத் துப்பட்டாவால் நான் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.